பிரிண்ட்கே போட்டா மறையுற டிரைவர் பக்: டிலே போட்டு அனுப்பிரலாமா?

கேள்வி சுருக்கமா இதுதான். மதுரை பக்கம் கப்பலூர் சிட்கோவுல ஒரு சின்ன கம்பெனி, நூல் மில்லுக்கு கோன் வைண்டிங் மெஷின் கண்ட்ரோலர் பண்றாங்க. ரெண்டு கோர் ஏஆர்எம் போர்டுல லினக்ஸ், பக்கத்துல ஒரு எஃப்பிஜிஏ (உள்ள இருக்குற சர்க்யூட்ட நாமளே மாத்திக்கிற சிப்), அதோட ரிஜிஸ்டர் (சிப்புக்குள்ள இருக்குற சின்ன மெமரி, ஒவ்வொரு பிட்டும் ஒரு சுவிட்ச் மாதிரி) வழியாத்தான் மோட்டார் ரன், பிரேக், பேனல் லைட் எல்லாம் போகுது. நூல் அறுந்தா சென்சார் இன்டரப்ட் (சிபியுவ கூப்பிடுற அவசர சிக்னல்) அடிக்கும், டிரைவர், அதாவது ஹார்டுவேர ஓட்டுற கெர்னல் கோடு, ரன் பிட்ட ஆஃப் பண்ணணும். முக்காவாசி நேரம் நிக்குது, எப்பயாச்சும் நிக்காம ஓடிக்கிட்டே இருக்கு. ஐஎஸ்ஆர் (இன்டரப்ட் வந்தா ஓடுற ஃபங்ஷன்) ஆரம்பத்துல ஒரு பிரிண்ட்கே (கெர்னல்லருந்து மெசேஜ் போடுற வரி) போட்டா பிரச்சினையே வரல. கூடவே சில நேரம் ரீபூட் பண்ணா "நோபடி கேர்டு"ன்னு ஒரு மெசேஜ் வந்து இன்டரப்ட் செத்துப்போகுது. டிரைவர எழுதுனவரு வேலைய விட்டுப் போயிட்டாரு, மேனேஜர் "பிரிண்ட்கேக்கு பதிலா ஒரு டிலே போட்டு அனுப்பிருவமா"ன்னு கேக்குறாரு.

அனுப்பாத தம்பி. சுத்துற மெஷின் இது, பக்கத்துல கைய வெச்சு வேலை பாக்குறவங்க இருக்காங்க. டிலே போட்டா பக் போகாது, வர்ற நேரம் மாறும், அம்புட்டுதான். மில்லுல வேற கெர்னல் வெர்ஷன் போடுறப்ப, இல்ல சிபியு லோடு மாறுறப்ப திரும்ப வரும், அன்னைக்கு உன் டேபிள்ல அதை வரவைக்கவே முடியாது. இப்ப பிரிண்ட்கே போட்டா போகுது எடுத்தா வருதுன்னு தெரிஞ்சிருக்குல்ல, அது பெரிய தடயம், அதை மூடி மறைக்காம அதுலருந்தே பிடிச்சுப் போவோம்.

மொத பிரிண்ட்கே என்ன பண்ணுதுன்னு பாரு. உன் கன்சோல் சீரியல்ல 1,15,200 பாட்ல ஓடுதுன்னு வெச்சுக்க. ஒரு எழுத்துக்கு ஸ்டார்ட், ஸ்டாப் எல்லாம் சேத்து 10 பிட், அப்ப ஒரு எழுத்து வெளிய போக சுமார் 87 மைக்ரோசெகண்ட். 50 எழுத்து மெசேஜ்னா 4 மில்லிசெகண்டுக்கு மேல. அந்த மெசேஜ் வெளிய போற வரைக்கும் ஐஎஸ்ஆர் அங்கனயே நிக்குதுன்னா, நீ டீபக் வரி போடல, ஐஎஸ்ஆருக்குள்ள 4 மில்லிசெகண்ட் டிலேதான் போட்டுருக்க. அதனால பிரிண்ட்கேய எடுத்துட்டு அதே இடத்துல ட்ரேஸ்-பிரிண்ட்கே போடு. அது கன்சோலுக்குப் போகாது, மெமரியில இருக்குற ரிங் பஃபர்ல எழுதிட்டு மைக்ரோசெகண்ட் கணக்குல திரும்பிரும். பக் திரும்ப வந்துச்சுன்னா இது டைமிங்தான்னு உறுதி. இன்னொரு லாபம், ரெண்டு கோர்லயும் எது எப்ப நடந்துச்சுன்னு டைம்ஸ்டாம்ப்போட வரிசையா கிடைக்கும், நமக்கு வேணுங்குறதே அதுதான்.

இப்ப என் சந்தேகத்த சொல்லிர்றேன். நீ அனுப்புன கோடுல கண்ட்ரோல் ரிஜிஸ்டர் ஒண்ணே ஒண்ணு, அதுலயே ரன் பிட்டும் இருக்கு, பேனல் லைட் பிட்டும் இருக்கு. ஐஎஸ்ஆர் அதை ரீட் பண்ணி, ரன் பிட்ட எடுத்துட்டு திரும்ப எழுதுது. ஐஓசிடிஎல் (அப்ளிகேஷன் டிரைவர கூப்பிடுற கால்) வழியா அப்ளிகேஷனும் அதே ரிஜிஸ்டர ரீட் பண்ணி, லைட் பிட்ட மாத்திட்டு திரும்ப எழுதுது. நடுவுல லாக் எதுவும் இல்ல. ரன்னுக்கு மதிப்பு 1, லைட்டுக்கு 8ன்னு வெச்சுக்குவோம். மோட்டார் ஓடுது, பச்சை லைட் எரியுது, ரிஜிஸ்டர்ல 9 இருக்கு. நூல் அறுந்துருச்சு. அப்ளிகேஷனும் அதே சென்சார பாத்துக்கிட்டுத்தான் இருக்கு, அது லைட்ட அணைக்கப் போகுது: ரெண்டாவது கோர்ல 9னு ரீட் பண்ணுது, 8 எடுத்துட்டா 1, இன்னும் எழுதல. அந்நேரம் மொத கோர்ல ஐஎஸ்ஆர் 9னு ரீட் பண்ணி, ரன்ன எடுத்து 8னு எழுதிருச்சு. மோட்டாருக்கு ஸ்டாப் போயிருச்சு. அடுத்த நொடி கூட இல்ல, ஒரு மைக்ரோசெகண்ட் கழிச்சு ரெண்டாவது கோர் தன் கையில இருக்குற பழைய கணக்குப்படி 1னு எழுதுது. ரன் பிட் திரும்ப ஆன். மோட்டார் ஒரு மைக்ரோசெகண்ட் ஸ்டாப்ப பாத்துச்சு, அதுக்கு அது தெரியவே தெரியாது, அது பாட்டுக்கு ஓடுது. லைட் மட்டும் அணைஞ்சிருக்கும். அடுத்த தடவை நிக்காம ஓடுறப்ப லைட் அணைஞ்சிருக்கான்னு பாரு, அணைஞ்சிருந்தா அது எனக்கு பாதி சாட்சி.

பிரிண்ட்கே ஏன் இதை மறைக்குதுன்னும் இப்ப புரியும். ஐஎஸ்ஆர் 4 மில்லிசெகண்ட் தாமதமா எழுதுது, அதுக்குள்ள அப்ளிகேஷன் தன் வேலைய முடிச்சுட்டுப் போயிருது, கடைசியா எழுதுறது ஸ்டாப்பா இருக்கு. லோடு ஏறி அப்ளிகேஷன் 4 மில்லிசெகண்ட் லேட்டா ஓடுன அன்னைக்கு உன் டிலேயும் தோத்துப்போகும்.

இதை சரிபண்ண ஸ்பின்லாக் (ஒரு நேரத்துல ஒரு கோர மட்டும் உள்ள விடுற பூட்டு, மத்தது சுத்திக்கிட்டே காத்திருக்கும்) வேணும், ஐஓசிடிஎல் பக்கம் ஐஆர்க்யூசேவ் வகை (அந்த கோர்ல இன்டரப்ட்டயும் சேத்து ஆஃப் பண்றது), ஐஎஸ்ஆர் பக்கம் சாதா ஸ்பின்லாக் போதும். ரீட், மாத்துறது, எழுதுறது மூணும் லாக்குக்குள்ள வரணும், எழுதுறத மட்டும் லாக்குக்குள்ள வெச்சுட்டு ரீட்ட வெளிய விட்டுருப்பாய்ங்க, அது லாக்கே இல்லாத மாதிரிதான். இன்டரப்ட்ட மட்டும் ஆஃப் பண்ணா போதும்னு சிலர் சொல்லுவாங்க, அது ஒரு கோர் இருந்த காலத்துக்கு சரி, உன்கிட்ட ரெண்டு கோர் இருக்கு, இந்த கோர்ல ஆஃப் பண்ணா அந்த கோர் பாட்டுக்கு எழுதும். மியூட்டெக்ஸ்னு இன்னொரு வகை லாக் இருக்கு, அதை ஐஎஸ்ஆருக்குள்ள எடுக்கவே கூடாது, லாக் கிடைக்கிற வரைக்கும் தூங்கிரும், ஐஎஸ்ஆர் தூங்கக்கூடாது.

ஆனா எஃப்பிஜிஏ உங்களோடதுதானே? அப்ப இதவிட நல்ல வழி இருக்கு. எஃப்பிஜிஏ பாக்குறவர்ட்ட போய் செட் ரிஜிஸ்டர் தனியா, கிளியர் ரிஜிஸ்டர் தனியா கேளு. கிளியர் ரிஜிஸ்டர்ல 1னு எழுதுனா ரன் மட்டும் அணையணும், மத்த பிட்டுக்கு ஒண்ணும் ஆகக்கூடாது. எஸ்டிஎம்32 சிப்புல ஜிபிஐஓவுக்கு (நாமளே ஆன் ஆஃப் பண்ற பின்) இப்படித்தான் பண்ணிருக்காங்க, ஒரே ரிஜிஸ்டர்ல கீழ் 16 பிட் செட் பண்ண, மேல் 16 பிட் ரீசெட் பண்ண. ரீட் பண்ணவே தேவையில்லேன்னா ரேஸ் (ரெண்டு பேரு ஒரே நேரத்துல முந்திக்கிட்டு எழுதுற பிரச்சினை) வர இடமே இல்ல. டிரைவர் எழுதுறவன் எம்புட்டு கவனமா லாக் போட்டாலும் நாளைக்கு வேற ஒருத்தன் வந்து லாக் இல்லாம ஒரு வரி சேப்பான், இப்படி பண்ணிட்டா சேத்தாலும் மோட்டார் நிக்கும்.

அதுக்கு முன்னாடி ஒண்ணு பாத்துரு, உங்க டெஸ்டிங் ஸ்கிரிப்ட் எதாவது டெவ்மெம் (டிரைவர் இல்லாம மெமரி அட்ரஸ்ல எழுதுற டூல்) வெச்சு நேரா அந்த ரிஜிஸ்டர்ல எழுதுதான்னு. டிரைவருக்குள்ள எத்தனை லாக் போட்டாலும் பக்கவாட்டுல வந்து எழுதுறத அது தடுக்காது. சின்ன கம்பெனிகள்ல இது சகஜமா நடக்குது, டெமோவுக்குன்னு யாராவது போட்ட ஸ்கிரிப்ட் ஸ்டார்ட்டப்புலயே ஓடிக்கிட்டு இருக்கும்.

இப்ப அந்த சந்தேகத்த நிரூபிக்கணும், நான் சொன்னேன்னு நம்பாத. ஐஓசிடிஎல் பாதையில ரீட்டுக்கும் ரைட்டுக்கும் நடுவுல வேணும்னே 500 மைக்ரோசெகண்ட் யூ-டிலே போடு. என் கணிப்பு சரின்னா எப்பயாச்சும் வந்த பக் இப்ப அடிக்கடி வரணும். வந்துச்சா, இப்ப லாக்க போடு, அந்த 500 மைக்ரோசெகண்ட எடுக்காம அப்படியே வெச்சுக்கிட்டு ராத்திரி பூரா ஸ்டார்ட் ஸ்டாப் ஓட்டு, கூடவே ஸ்ட்ரெஸ்-என்ஜி போட்டு ரெண்டு கோரையும் திணறவிடு. அப்பயும் வரலேன்னாத்தான் சரியாயிருச்சுன்னு அர்த்தம், டிலேய அப்புறம் எடு. பக்க பெருசாக்கி பாத்துட்டு சரிபண்றதுதான் நம்பகமான வழி. கோட மாத்துனோம், நாலு மணி நேரம் வரல, அதனால சரியாயிருச்சுன்னு சொல்றத நான் ஏத்துக்கவே மாட்டேன்.

பக் அடிக்கடி வரலேன்னா என் கணிப்பு தப்பு, அப்ப அடுத்த இடம் போஸ்டட் ரைட். ரிஜிஸ்டர்ல எழுதுற ரைட்-எல் ஃபங்ஷன் திரும்பி வந்துருச்சுன்னா டிவைஸுக்கு மதிப்பு போய்ச் சேந்துருச்சுன்னு நெறைய பேரு நினைக்கிறாங்க. மாட்டுத்தாவணியில பார்சல் போட்டு ரசீது வாங்குனா பார்சல் ஊர் போய்ச் சேந்துருச்சுன்னா அர்த்தம்? சிபியுவுக்கும் டிவைஸுக்கும் நடுவுல இருக்குற பிரிட்ஜும் அப்படித்தான், வாங்கி வெச்சுக்கிட்டு அப்புறம் குடுக்கும். பிசிஐல இது ரொம்ப காலமா இருக்குற விஷயம், ஏஆர்எம்லயும் ஐஓரீமேப் (டிவைஸ் ரிஜிஸ்டர கெர்னலுக்கு அட்ரஸா காட்டுற ஃபங்ஷன்) குடுக்குற டிவைஸ் மெமரியில, ரைட்டு கடைசி வரைக்கும் போறதுக்கு முன்னாடியே நடுவுலருந்து "வாங்கிட்டேன்"னு பதில் வந்துரலாம். அதனால "ரீசெட் பிட் எழுது, 10 மைக்ரோசெகண்ட் காத்திரு, அடுத்தது எழுது"ன்னு இருந்தா, நீ காத்திருந்த 10 மைக்ரோசெகண்டும் சிபியு பக்கத்து கணக்கு, டிவைஸ் பக்கம் ரெண்டு ரைட்டும் ஒட்டிக்கிட்டே போயிருக்கலாம். எழுதுன உடனே அதே டிவைஸ்லருந்து ஒரு ரிஜிஸ்டர ரீட்-எல் பண்ணு, ரீட்டுக்கு பதில் வரணும்னா முன்னாடி போன ரைட் போயே ஆகணும். எழுது, படி, அப்புறம் காத்திரு, இந்த வரிசை மாறவே கூடாது. படிக்கிற ரிஜிஸ்டர் எதுன்னும் பாத்து எடு, சில ரிஜிஸ்டர் படிச்சாலே கிளியர் ஆயிரும், அதைப் படிச்சன்னா இன்டரப்ட்ட நீயே தின்னுட்டன்னு அர்த்தம்.

அதே மாதிரி ஸ்டேட்டஸ் ரிஜிஸ்டர். உன்னோடது 1 எழுதுனா கிளியர் ஆகுற வகை. கோடுல ஒரு இடத்துல அதை ரீட் பண்ணி, ஒரு பிட்ட ஆர் பண்ணி, திரும்ப எழுதிருக்காரு. அப்ப அந்நேரம் 1ஆ இருந்த மத்த எல்லா பிட்டும் சேந்து கிளியர் ஆயிரும், டோர் சுவிட்ச் இன்டரப்ட் வந்திருந்தா அது யாருக்கும் தெரியாம போயிரும். உனக்கு வேணுங்குற பிட்ட மட்டும் நேரா எழுது, ரீட் வேண்டாம். இது இன்னைக்கு உன் பிரச்சினைக்கு காரணம் இல்லாம இருக்கலாம், ஆனா இதுவும் நிஜமான பக், சேத்து சரிபண்ணிரு, தனி பேட்சா.

"நோபடி கேர்டு" விஷயம். ஒரு இன்டரப்ட் லைன்ல 1,00,000 தடவை வந்ததுல 99,900க்கு மேல யாருமே "என்னோடது"ன்னு சொல்லலேன்னா கெர்னல் அந்த லைன அணைச்சிரும், சிஸ்டம் உறைஞ்சு போகாம காப்பாத்துறதுக்கு. உன் ப்ரோப் ஃபங்ஷன்ல (டிரைவர் ஆரம்பிக்கிறப்ப ஓடுறது) ரிக்வஸ்ட்-ஐஆர்க்யூ, அதாவது இந்த இன்டரப்ட் வந்தா என்னைக் கூப்பிடுன்னு பதியுறது, மொதல்ல இருக்கு, டிவைஸ ரீசெட் பண்றது அப்புறம் இருக்கு. வாம் ரீபூட்ல எஃப்பிஜிஏ பவர் போகாது, பழைய இன்டரப்ட் பெண்டிங்லயே நிக்கும், ரிக்வஸ்ட் பண்ண உடனே அடிக்க ஆரம்பிச்சிரும், ஹேண்ட்லருக்கு அப்ப இன்னும் "ரெடி" ஃபிளாக் போடாததால ஐஆர்க்யூ-நன், அதாவது என்னோடது இல்லன்னு, சொல்லிட்டு வந்துருது, லைன் ஆன்ல இருக்குற வரைக்கும் அடிக்கிற லெவல் ட்ரிக்கர்ங்குறதால திரும்ப திரும்ப அடிக்கும். பவர் ஆஃப் பண்ணி ஆன் பண்ணா வராது, ரீபூட்டுக்கு மட்டும் வருதுன்னு நீ சொன்னது இதோட ஒத்துப்போகுது. வரிசைய மாத்து: டிவைஸ்ல இன்டரப்ட்ட மாஸ்க் பண்ணு (வராம தடு), ஸ்டேட்டஸ கிளியர் பண்ணு, ரீட் பண்ணி போய்ச் சேந்துச்சான்னு பாரு, அப்புறம் ரிக்வஸ்ட், கடைசியா அன்மாஸ்க். மூடுறப்ப இதுக்கு நேர் எதிர் வரிசை. டெவ்-எம் வகை (கெர்னலே தானா விடுவிக்கிறது) ரிக்வஸ்ட் பண்ணிருந்தா ரிமூவ் ஃபங்ஷன் (டிரைவர எடுக்குறப்ப ஓடுறது) முடிஞ்சதுக்கு அப்புறம்தான் இன்டரப்ட் விடுபடும், ரிமூவ்லயே கிளாக்க அணைச்சிட்டன்னா நடுவுல வர்ற இன்டரப்ட் அணைஞ்ச டிவைஸ போய் படிக்கும், ஏஆர்எம்ல அது போர்டையே தொங்கவிடும். டீபக்-எஸ்எச்ஐஆர்க்யூ ஆப்ஷன ஆன் பண்ணி பில்ட் பண்ணு, ஷேர்டு இன்டரப்ட்ட விடுறப்ப வேணும்னே ஒரு தடவை ஹேண்ட்லர கூப்பிட்டு பாக்கும்.

மத்ததெல்லாம் வேகமா சொல்றேன். கோடுல வாலட்டைல் பாயிண்டர் வெச்சு நேரா எழுதுற இடமெல்லாம் ரைட்-எல்லுக்கு மாத்து, ஸ்பார்ஸ்ங்குற கோட் செக்கர ஓட்டுனா எங்கெங்கன்னு அதுவே காட்டிரும். ஃபார் லூப்ப 1000 தடவை சுத்தி டிவைஸுக்கு காத்திருக்குறது வேண்டாம், சிபியு வேகம் மாறுனா காத்திருக்குற நேரமும் மாறும், ரீட்-எல் போல் டைம்அவுட் மேக்ரோ இருக்கு, அது டைம்அவுட் ஆனப்புறமும் கடைசியா ஒரு தடவை படிச்சு பாத்துட்டுத்தான் தோல்வின்னு சொல்லும், நாமளா எழுதுற லூப்புல அதைத்தான் மறப்போம். எம்-ஸ்லீப் 1னு போட்டா 1 மில்லிசெகண்ட் இல்ல, 20 வரைக்கும் போகலாம், சின்ன நேரத்துக்கு யூ-ஸ்லீப்-ரேஞ்ச்.

சாஃப்ட்வேர் பக்கம் மட்டும் பாத்துக்கிட்டே இருக்காத, கம்பியயும் பாரு. 8 சேனல் 24 மெகாஹெர்ட்ஸ் லாஜிக் அனலைசர் விலை கம்மி, டவுன்ஹால் ரோட்டு கடைகள்ல கேட்டுப்பாரு, இல்லாட்டி ஆன்லைன்ல வாங்கிக்க, பல்ஸ்வியூ சாஃப்ட்வேர் இலவசம். போர்டு சிக்னல் லெவல் அதுக்கு ஒத்துவருமான்னு பாத்துட்டு மாட்டு, மோட்டார் பவர் பக்கம் கொண்டு போயிராத. ஒரு சேனல் சென்சார் லைன்ல, ஒண்ணு எஃப்பிஜிஏவோட மோட்டார் எனேபிள் பின்ல, இன்னொண்ணு காலியா இருக்குற ஜிபிஐஓல, ஐஎஸ்ஆர் உள்ள போறப்ப அதை ஆன் பண்ணி வெளிய வர்றப்ப ஆஃப் பண்ணு. நான் சொன்ன ரேஸ்னா எனேபிள் பின் ஒரு கணம் கீழ விழுந்து திரும்ப ஏறுறது அப்படியே படமா தெரியும். விழவே இல்லேன்னா ரைட் போய்ச் சேரல. ஐஎஸ்ஆர் ஜிபிஐஓவே ஏறலேன்னா இன்டரப்டே வரல, அப்ப சிக்னல் மாறுறப்ப மட்டும் அடிக்கிற எட்ஜா, இல்ல லெவலான்னு டிவைஸ்ட்ரீல (போர்டு ஹார்டுவேர கெர்னலுக்கு சொல்ற ஃபைல்) பாரு. மூணு பிரச்சினைக்கும் மூணு விதமான படம், ஊகிக்க வேண்டியதே இல்ல.

இன்னொரு சாத்தியம், மில்லுல மட்டும் வந்து ஆபீஸ்ல வராம இருந்தா. கான்டாக்டர் (மோட்டாருக்கு கரண்ட் குடுக்குற பெரிய ரிலே) விழுறப்ப வர்ற வோல்டேஜ் ஸ்பைக்குல எஃப்பிஜிஏ தானா ரீசெட் ஆயிருக்கலாம், ரிஜிஸ்டரெல்லாம் ஆரம்ப மதிப்புக்குப் போயிரும், டிரைவர் மட்டும் பழைய நிலைமையவே நம்பிக்கிட்டு இருக்கும். எஃப்பிஜிஏல ஒரு ஸ்கிராட்ச் ரிஜிஸ்டர் கேளு, ஆரம்பத்துல ஒரு நம்பர எழுதி வெச்சு, அப்பப்ப படிச்சு பாரு, நம்பர் போயிருந்துச்சுன்னா டிரைவர நோண்டாம கான்டாக்டர் காயிலுக்கு ஸ்பைக்க அடக்குற ஸ்னப்பர் போட்டுருக்கான்னு எலக்ட்ரீஷியன்ட்ட போய் கேளு. சிப்பே தப்பா இருக்குறதும் உண்டு, ராஸ்பெரி பையோட பிசிஎம்2835 சிப்புல ஐ2சி பஸ்ல கிளாக்க பிடிச்சு காக்கவைக்கிற வசதி (கிளாக் ஸ்ட்ரெச்சிங்) ஹார்டுவேர்லயே கோளாறு, டிரைவர எத்தனை தடவை படிச்சாலும் அங்க கிடைக்காது. உங்க சிப்போட எர்ராட்டா ஷீட்ட (தெரிஞ்ச கோளாறு பட்டியல்) இன்னைக்கே எறக்கி படிச்சிரு.

குற்றவாளி வேற வீட்டுலயும் இருக்கலாம். 2008ல லினக்ஸ் 2.6.27 வெளிவர்றதுக்கு முன்னாடி, இன்டெல் நெட்வொர்க் கார்டு சிலதுல ஃபிளாஷ் அழிஞ்சு கார்டே வேலை செய்யாம போச்சு. எல்லாரும் அந்த கார்டோட இ1000இ டிரைவரத்தான் சந்தேகப்பட்டாங்க. கடைசில பாத்தா கெர்னலோட டைனமிக் எஃப்ட்ரேஸ் (ஃபங்ஷன் ஓடுறத பதிவு பண்ற வசதி), மாட்யூலோட ஆரம்ப கோடு இருந்து விடுவிச்ச அட்ரஸ்ல போய் எழுதிருக்கு, அந்நேரம் அதே அட்ரஸ்ல கார்டோட ஃபிளாஷ் மேப் ஆகியிருந்துச்சு. 2.6.27.1ல அதை அணைச்சாங்க, டிரைவர்லயும் ஃபிளாஷுக்கு ரைட் ப்ரொடெக்ட் போட்டாங்க. அந்த ரெண்டாவது வேலைதான் எனக்கு முக்கியமா படுது: தப்பு என்னோடது இல்லேன்னு தெரிஞ்ச பிறகும் என் ஹார்டுவேர நான் காப்பாத்திக்கிறேன்னு பண்ணாங்க பாரு.

இப்ப மேனேஜர்ட்ட நீ பேச வேண்டிய விஷயம். இந்த மெஷின்ல எமர்ஜென்சி பட்டனும் இதே டிரைவர் வழியாத்தான் போகுதுன்னு எழுதிருக்க. அது கூடவே கூடாது. தெராக்-25ன்னு ஒரு கதிர்வீச்சு சிகிச்சை மெஷின், 1985லருந்து 1987க்குள்ள ஆறு பேருக்கு அளவுக்கு மீறி கதிர்வீச்சு குடுத்துருச்சு, சிலர் இறந்தே போனாங்க. அதுல இருந்த ஒரு கோளாறு இதே மாதிரி ரேஸ்தான், ஆபரேட்டர் வேகமா டைப் பண்ணி மாத்துனா, மேக்னெட் செட் ஆகுற 8 செகண்டுக்குள்ள அந்த மாற்றத்த மெஷின் கவனிக்கல. அதுக்கு முந்தின மாடல் தெராக்-20லயும் சாஃப்ட்வேர்ல அந்த தப்பு இருந்துச்சு, ஆனா அதுல ஹார்டுவேர் இன்டர்லாக் தனியா இருந்ததால ஃபியூஸ் போச்சு, ஆள் தப்பிச்சாங்க. 25ல சாஃப்ட்வேர நம்பி அதை எடுத்துட்டாங்க. நம்ம மெஷின்லயும் எமர்ஜென்சி ஸ்டாப் கம்பி நேரா கான்டாக்டர் காயில வெட்டணும், லினக்ஸ், எஃப்பிஜிஏ ரெண்டும் செத்தாலும் மோட்டார் நிக்கணும். எஃப்பிஜிஏக்குள்ள ஒரு வாட்ச்டாக் வேணும், டிரைவர் குறிப்பிட்ட நேரத்துக்குள்ள துடிப்பு குடுக்கலேன்னா ரன் தானா விழணும். டிரைவர்ல ஷட்டவுன் கால்பேக் இல்ல, அதையும் எழுது, ரீபூட் குடுத்தா மோட்டார் ஓடிக்கிட்டே லினக்ஸ் மட்டும் மேல வர்றது என்ன நியாயம்? இதெல்லாம் செலவுன்னு சொன்னா நீ விட்டுக்குடுக்காத தம்பி, ஒருத்தர் விரல் சம்பந்தப்பட்டது.

இந்த மாதிரி வேலையெல்லாம் பெங்களூர்ல உக்காந்துதான் பண்ண முடியும்னு நம்ம ஊருல ஒரு நெனப்பு இருக்கு, திருப்பரங்குன்றத்துல படிச்சு முடிக்கிற பசங்களே அப்படி பேசுறத கேட்டுருக்கேன். கெர்னல் சோர்ஸ் பூரா தொறந்து கிடக்கு, மெஷின் உன் கைக்கெட்டுற தூரத்துல ஓடுது, பெங்களூர்ல இருக்குறவனுக்கு இந்த மெஷின் கிடைக்காது.

நாளைக்கு மொத வேலையா ட்ரேஸ்-பிரிண்ட்கே மாத்தி ஓட்டு, அப்புறம் 500 மைக்ரோசெகண்ட் சோதனை. ட்ரேஸ் ஃபைலையும், லாஜிக் அனலைசர் படத்துல எனேபிள் பின் விழுந்து ஏறுற இடத்தையும் அனுப்பு. ப்ராக்ல இருக்குற இன்டரப்ட்ஸ் ஃபைல (எந்த இன்டரப்ட் எத்தனை தடவை வந்துச்சுங்குற கணக்கு) சோதனை ஓட்டுறதுக்கு முன்னாடி ஒரு தடவை, பின்னாடி ஒரு தடவை எடுத்து அதையும் சேத்து அனுப்பு. மேனேஜர் அவசரப்பட்டா, ஸ்பின்லாக் பேட்ச்சும் ப்ரோப் வரிசை பேட்ச்சும் சோதனை முடிஞ்ச உடனே குடுத்துரலாம், செட்-கிளியர் ரிஜிஸ்டர் அடுத்த எஃப்பிஜிஏ பில்டுல வரட்டும். ஆனா எமர்ஜென்சி ஸ்டாப் கம்பிய மாத்தாம மெஷின் மில்லுக்குள்ள போகக்கூடாது, அதை மட்டும் எழுத்துல குடுத்துரு.